வெளியே அனுப்பியது யாருடையது?

காரின் உறுப்புகளில் பெரும்பாலானவை உள்ளே அமர்ந்திருப்பவருக்கு எதையாவது கொண்டுவந்து சேர்க்கின்றன. புகைக்குழாய் ஒன்றுதான் அவரிடமிருந்து எடுத்துச் செல்வதற்காகவே இருக்கிறது. எரிந்து முடிந்த வாயு, அதன் வெப்பம், வெடிப்பின் ஓசை ஆகிய மூன்றையும் அவருடைய மூக்குக்கும் தோலுக்கும் காதுக்கும் எட்டாத இடத்தில் கொண்டுபோய் விடுவது அதன் வேலை. அந்த இடத்தில் பெரும்பாலும் வேறொருவர் நின்றுகொண்டிருப்பார். தரையை ஒட்டித் தாழ்த்திய ஒரு காரில் புகைக்குழாயின் வாயைப் பின்புறத்திலிருந்து பக்கவாட்டுக்குத் திருப்பும்போது அந்த வேறொருவர் இன்னும் நெருங்கி வந்துவிடுகிறார். அறவியலின் பழைய கேள்வி ஒன்று இங்கே எழுகிறது: என்னைவிட்டு வெளியேறிய ஒன்று, வெளியேறிய கணத்திலேயே என்னுடையதாக இருப்பதை நிறுத்திவிடுகிறதா? இல்லை என்பது என் வாதம். வெளியேறியதன் மேல் நமக்கிருந்த அதிகாரம் போய்விடுகிறது, பொறுப்பு போவதில்லை. கட்டுப்படுத்தும் வாய்ப்பு வெளியேறும் முன்பு மட்டுமே இருப்பதால் அந்தப் பொறுப்பு முழுவதும் குழாயை வெட்டி வெல்டிங் வைக்கும் நேரத்தில் வந்து குவிகிறது.

அந்த வேலையைச் செய்பவர்களின் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லியாக வேண்டும். சாதாரணக் காரில் புகைக்குழாய் எஞ்சினில் தொடங்கி, கேட்டலிடிக் கன்வெர்ட்டர், சைலன்சர் இவற்றின் வழியாகச் சென்று, பின் ஆக்ஸிலுக்கு மேலே வளைந்து ஏறி, பம்பருக்குக் கீழே முடிகிறது. காரைத் தாழ்த்தினால் அதன் உடல் ஆக்ஸிலை நோக்கி இறங்குகிறது. குழாய்க்கு இருந்த இடைவெளி சுருங்குகிறது. மேடுபள்ளத்தில் ஆக்ஸில் எழும்பிக் குழாயை இடிக்கிறது. குழாயை ஆக்ஸிலுக்கு அடியில் கொண்டுபோனாலோ முதல் வேகத்தடையிலேயே தரையில் உரசும். பின்சக்கரத்துக்கு முன்பாகவே பக்கவாட்டில் திருப்பிக் கதவுக்கடியிலுள்ள விளிம்பின் கீழே முடித்துவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. குழாயின் நீளம் குறைகிறது, எடை குறைகிறது, வளைவுகள் குறைவதால் வாயு எளிதில் வெளியேறுகிறது. செவர்லே நிறுவனம் 1965-இல் கார்வெட் காருக்குப் பக்கவாட்டுக் குழாயைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்தது. அதே காலத்து ஷெல்பி கோப்ரா 427-இன் அடையாளமே கதவோரம் ஓடும் அந்தக் குழாய்தான். 1992-இல் வந்த டாட்ஜ் வைப்பரும் அந்த வழியில் வந்தது. ஆகவே பக்கவாட்டுக் குழாய் என்றவுடனே இளைஞர்களின் வீண் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. தாழ்ந்த காரில் அது ஒரு நேர்மையான தீர்வு.

சிக்கல் குழாய் குறுகுவதில் தொடங்குகிறது. எஞ்சினின் ஆழ்ந்த ஒலியை அடக்கச் சைலன்சருக்குக் கொள்ளளவு வேண்டும். தரைக்கும் காருக்கும் நடுவே கையகல இடைவெளியே இருக்கும்போது அந்தக் கொள்ளளவுக்குத்தான் முதலில் இடமில்லாமல் போகிறது. தட்டையான சிறிய சைலன்சர் வைக்கிறார்கள், அல்லது வைக்காமலே விடுகிறார்கள். அடுத்தது கேட்டலிடிக் கன்வெர்ட்டர். அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தைத் தொடர்ந்து 1975-ஆம் ஆண்டு மாடல் கார்களில் பரவலாக வந்த இந்தக் கருவி, ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகே சரியாக வேலை செய்யும். இடம் தேடி எஞ்சினிலிருந்து அதைத் தள்ளி வைத்தால் சூடேறத் தாமதமாகும். கழற்றிவிட்டால் சட்டப்படி குற்றம். கார்பன் மோனாக்சைடும் குறையாமல் அப்படியே வெளியேறும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. வாய் கதவுக்கடியில் திறந்திருந்தால், நின்றுகொண்டிருக்கும் காரின் பக்கவாட்டில் வாயு மேலேறித் திறந்த சன்னல் வழியாக உள்ளேயே திரும்பிவரும். பயணிகள் அமரும் பகுதியைத் தாண்டிய பிறகே குழாய் முடிய வேண்டும் என்று அமெரிக்காவின் பல மாநிலங்கள் விதித்திருப்பது இதனால்தான். உள்ளே இருப்பவரைக் காக்கும் விதி இது. வெளியே நிற்பவரைக் காப்பது எது? தாழ்ந்த காரின் பக்கவாட்டு வாய் ஏறத்தாழ நடைபாதை விளிம்பின் உயரத்தில் இருக்கிறது. தள்ளுவண்டியில் அமர்ந்திருக்கும் குழந்தையின் முகம் அதற்கு மிக அருகில் வருகிறது. கோப்ராவிலிருந்து இறங்குபவர்களின் கெண்டைக்கால் அந்தக் குழாயில் பட்டுச் சுட்டுக்கொள்வது அந்தக் காரை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்த செய்தி. உரிமையாளருக்கே தழும்பு தரும் குழாய், அறியாமல் அருகே வருபவரிடம் கூடுதல் கருணை காட்டப் போவதில்லை. இந்தியாவின் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 112-ஆவது விதி, வாகனத்தின் புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமாகவோ வெளியேறக் கூடாது என்கிறது. நாம் சாலையின் இடப்பக்கம் செல்கிறோம், ஆகவே நடைபாதை இருப்பது இடப்பக்கம். வறண்ட விதி வாசகம்தான். ஆனால் அதை எழுதியவர் மனத்தில் சாலையோரம் நடக்கும் ஒரு மனிதர் இருந்திருக்கிறார்.

வெளியேற்றுவதை ஓர் அறச்செயலாகவே கண்ட மரபு ஒன்று நம்மிடையே உண்டு. சமணத் துறவிக்கு ஐந்து சமிதிகள், அதாவது ஐந்து விழிப்புகள், விதிக்கப்பட்டிருக்கின்றன: நடப்பதில், பேசுவதில், உணவு ஏற்பதில், பொருளை எடுத்து வைப்பதில், கடைசியாகக் கழிவை விடுவதில். உத்சர்க்க சமிதி எனப்படும் இந்த ஐந்தாவது என்னை மிகவும் ஈர்க்கிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இதை மற்ற நான்குக்கும் சமமாகவே வைக்கிறது. உடலிலிருந்து கழிவது எதுவாயினும், அது விழும் இடத்தில் உயிர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விட வேண்டும். உலகின் பெரும்பாலான அறநூல்கள் நாம் எதை எடுக்கிறோம் என்பதைப் பற்றிப் பேசுகின்றன: பிறர் பொருளை எடுக்காதே, உயிரை எடுக்காதே. நாம் எதை விடுகிறோம் என்பதைத் தூய்மை, தீட்டு என்ற தலைப்பில் ஒதுக்கிவிட்டு அறத்திலிருந்தே நீக்கிவிடுகின்றன. சமணம் அப்படிச் செய்யவில்லை. அருவருப்பின் காரணமாக யாரும் திரும்பிப் பார்க்க விரும்பாத இடத்தைத் திரும்பிப் பார்க்கச் சொல்கிறது, அதுவும் தன் தூய்மைக்காக அல்லாமல் அங்கே இருக்கக்கூடிய இன்னோர் உயிருக்காக. கார் ஓட்டுபவர் துறவி இல்லைதான். ஆனால் ஒரு மனிதர் நாள் முழுவதும் விடும் மூச்சையும் கழிவையும் ஓர் எஞ்சின் சில நிமிடங்களில் மிஞ்சிவிடுகிறது. விழிப்பின் தேவை அந்த அளவுக்கு ஏற்பக் கூடத்தானே வேண்டும்?

ஓசையைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டவர் தத்துவ அறிஞர் கான்ட். 1790-இல் வெளியான, தீர்ப்புத்திறனைப் பற்றிய தன் மூன்றாவது விமரிசன நூலில், இசைக்கு ஒரு குறை இருக்கிறது என்கிறார் அவர்: விரும்பாதவர்கள்மேலும் அது போய்ப் படர்கிறது, அண்டைவீட்டாரின் சுதந்திரத்தில் கைவைக்கிறது. பிடிக்காத காட்சியிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். காதை அப்படித் திருப்ப முடியாது. இதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், வாசனைத் தைலம் தடவிய கைக்குட்டையைப் பையிலிருந்து உருவி, சுற்றியிருக்கும் அனைவரையும் அதை முகர வைக்கும் மனிதர். ஒலியும் மணமும் ஒரே குற்றத்தில் சேர்த்துப் பிடிபடும் இந்த இடத்தைப் படிக்கும்போது, புகைக்குழாய் பிறப்பதற்கு நூறாண்டு முன்பே அதற்கான தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. வீட்டு வழிபாட்டில் பக்திப் பாடல்களை உரக்கப் பாடுவோரையும் கான்ட் அதே பக்கத்தில் விட்டுவைக்கவில்லை. கோனிக்ஸ்பர்க்கில் அவர் வீட்டருகே இருந்த சிறைச்சாலையின் கைதிகள் பாடிய துதிப்பாடல்களைப் பற்றி 1784-இல் நகரத் தலைவர் ஹிப்பலுக்கு அவர் முறையிட்டு எழுதியும் இருக்கிறார். நோக்கம் தெய்வத்தை நோக்கியதாக இருந்தாலும் ஓசை போய்ச் சேர்வது பக்கத்து வீட்டுக்காரரிடம். நோக்கத்தின் உயர்வு, போய்ச் சேர்ந்ததன் கணக்கைத் தள்ளுபடி செய்வதில்லை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். அதை எளிதில் தாண்டிப் போவது நேர்மை ஆகாது. அமைதி என்பது வசதியானவர்களின் சொத்து, அதைக் காக்கிறோம் என்ற பெயரில் ஏழைகளின் மகிழ்ச்சியைத்தான் எப்போதும் தண்டிக்கிறார்கள் என்பது அந்த மறுப்பு. கைதிகளின் பாட்டைப் பற்றிக் கான்ட் குறைபட்டதே அதற்குச் சான்றாகலாம். தாழ்ந்த கார்களின் வரலாறு இன்னும் பெரிய சான்று. தெற்குக் கலிபோர்னியாவில் மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர்கள், பழைய செவர்லே கார்களைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, வண்ணம் தீட்டி, மெதுவாக உலா வருவதை ஒரு கலையாக வளர்த்தார்கள். லோரைடர் என்பது அந்தக் காருக்கும் அதை ஓட்டுபவருக்கும் பெயர். 1950-களின் இறுதியில் கலிபோர்னியாவின் வாகனச் சட்டம், சக்கர வளையத்தின் கீழ் விளிம்புக்கும் தாழ்வாகக் காரின் எந்தப் பகுதியும் மாற்றியமைக்கப்படக் கூடாது என்றது. ரான் அகிரே என்பவர் 1959-இல் தன் கார்வெட்டில் விமான உபரிப் பாகங்களிலிருந்து எடுத்த ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தி, வேண்டும்போது காரை உயர்த்தித் தாழ்த்தும் வழியைக் கண்டது அந்தச் சட்டத்துக்கான பதில். பிறகு பல நகரங்கள் உலா வருவதையே தடைசெய்தன. இந்தத் தடைகள் எந்த மக்கள்மேல் இறங்கின என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே கலையின் ஒரு படைப்பான, ரோஜாப்பூக்கள் தீட்டப்பட்ட 1964 இம்பாலா ‘ஜிப்சி ரோஸ்’, 2017-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறியது. நியூ மெக்சிகோவின் சிமாயோ என்ற புனிதத் தலத்து ஊரில் உருவான ஒரு லோரைடர் கார் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குவாதலூப்பே மாதாவின் உருவம் தீட்டிய கார்கள் அந்த மக்களிடையே ஏராளம்; அவர்களுக்குக் கார் வழிபாட்டுப் பொருளுக்கு அருகில் வரும் ஒன்று. கலிபோர்னியாவில் 2023-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று உலாத் தடைகளையும் தாழ்வுத் தடையையும் நீக்கியது. 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சரியான முடிவு, அறுபதாண்டு தாமதமாக வந்தது.

இந்த வரலாறு என் வாதத்தை உடைக்கிறதா? நான் அப்படிக் கருதவில்லை, அதைக் கூர்மையாக்குகிறது என்றே கருதுகிறேன். தாழ்வுத் தடை ஏன் அநீதியானது? ஒரு காரின் உருவத்தை அது தண்டித்தது. உருவம் காரோடு நின்றுவிடும். பார்க்கப் பிடிக்காதவர் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம், அவர் நுரையீரலுக்கோ உறக்கத்துக்கோ எதுவும் நேராது. கலிபோர்னியாவின் வாகனச் சட்டம் சாதாரணக் கார்களின் புகைக்குழாய்க்கு விதித்திருக்கும் 95 டெசிபெல் வரம்பு அப்படிப்பட்டதல்ல. டெசிபெல் அளவில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. அது சுவரையும் சன்னலையும் கடந்து போகிறது. தாழ்வுத் தடையை நீக்கிய அதே மாநிலம் ஓசை வரம்பை வைத்துக்கொண்டிருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஒன்று இன்னொருவரின் ரசனையைப் புண்படுத்தலாம், மற்றது அவரது உடலைத் தொடுகிறது. தொடுகைக்கு ஆளாகும் அந்த உடல் யாருடையது என்றும் பார்க்க வேண்டும். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் விட்டியர் சாலை இந்த உலாக்களுக்குப் பேர்போனது. அந்தப் பகுதியை ஊடறுத்துப் பல விரைவுச்சாலைகள் கட்டப்பட்டதால் அங்குள்ள குடும்பங்கள் ஏற்கெனவே மற்ற நகரவாசிகளின் புகையையும் இரைச்சலையும் தாங்கி வாழ்கின்றன. சைலன்சர் இல்லாத குழாய் அங்கே யாருடைய மாளிகையின் உறக்கத்தையும் கலைப்பதில்லை, தெருவோரத்துச் சிறுவீட்டில் இரவுப்பணி முடித்து உறங்குபவரின் உறக்கத்தைக் கலைக்கிறது. ஏழைகளின் பெயரால் எழுப்பப்படும் மறுப்புக்கு அந்த உறங்குபவரே பதில். காவல்துறை ஓசைச் சட்டத்தைத் தோலின் நிறம் பார்த்துப் பயன்படுத்தினால் அதற்கு எதிராகப் போராட வேண்டும். அந்தப் போராட்டம் ஓசையை நியாயப்படுத்துவதில்லை.

குழாயின் அழகு ஓசையோடு சேர்ந்தது, ஓசையை அடக்கினால் கலையே போய்விடும் என்பாரும் உண்டு. இவர்களுக்கு அந்தக் கலையின் தொடக்கக் கதையையே நினைவூட்டலாம். 1930-களிலும் 40-களிலும் தெற்குக் கலிபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர்கள் கார்ப்பந்தயம் நடத்தினார்கள். பக்கவாட்டில் ஓடும் அவர்களுடைய குழாய்களின் முனையில் மூடி இருக்கும். ஏரிப்படுகையில் மூடியைக் கழற்றினால் வாயு சைலன்சரைத் தவிர்த்து நேரே வெளியேறும். ஊர் திரும்பும்போது மூடியைப் போட்டுவிடுவார்கள், வாயு சைலன்சர் வழியாகப் பின்புறம் போகும். ஏரிக்குழாய் என்று இன்றும் வழங்கும் பெயர் அங்கிருந்து வந்தது. 1950-களில் தாழ்த்திய அலங்காரக் கார்களில் கதவோரம் குரோமியம் பூசி மின்னிய ஏரிக்குழாய்கள் பல, எஞ்சினோடு இணைக்கப்படாத வெறும் அணிகலன்கள். அந்தக் கைவினைஞர்கள் இரண்டு செய்திகளை அறிந்திருந்தார்கள்: குழாயின் அழகு கண்ணுக்குரியது, அதற்கு ஓசை தேவையில்லை, ஓசைக்குரிய இடம் ஒன்று உண்டு, அது ஊர் அல்ல. திறந்த குழாயின் முழக்கத்தில் ஒரு மெய்யான இன்பம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. எட்டுச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றின் சீரற்ற தாளம் உடலையே அதிர வைக்கும்; அதைக் கேட்டுச் சிலிர்ப்பவர்களை இழிவாகப் பேசுவதில் பொருளில்லை. அந்த இன்பம் ஆளற்ற ஏரிப்படுகையில் முழுமையாகக் கிடைக்கிறது. குடியிருப்புத் தெருவில்தான் அது வேண்டும் என்று கேட்கும்போது, கேட்கப்படுவது எஞ்சினின் ஓசை மட்டுமாக இருப்பதில்லை, அதைக் கேட்டே ஆக வேண்டிய ஒரு கூட்டமும் சேர்த்துக் கேட்கப்படுகிறது.

உரத்த குழாய் உயிரைக் காக்கும், மற்ற ஓட்டுநர்கள் நம்மை உணர்வார்கள் என்ற வாதம் மோட்டார் சைக்கிள்காரர்களிடமிருந்து வந்தது; காரில் அது நிற்காது. ஓசை பக்கவாட்டிலும் பின்னாலும் வீசப்படுகிறது, ஆபத்தோ பெரும்பாலும் முன்னால் இருக்கிறது. தாழ்ந்த சுருதி ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதும் கடினம்.

எல்லோரும்தானே புகை விடுகிறோம், லாரியும் ஜெனரேட்டரும் விடாததையா இந்த ஒரு கார் விட்டுவிட்டது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அதற்கும் சமணத்திடமே விடை இருக்கிறது. துறவிக்கு விதித்த முழுமையான அகிம்சையை இல்லறத்தாரிடம் அது கேட்பதில்லை. வாழ்வதற்கு உழ வேண்டும், சமைக்க வேண்டும், பயணம் போக வேண்டும். அவற்றில் உயிர்கள் வருந்தும் என்பதை ஏற்றுக்கொண்டு, அனர்த்ததண்ட விரதம் என்ற ஒன்றை வைக்கிறது: பயனில்லாத தீங்கைத் தவிர்ப்பது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் இதை விரித்துரைக்கிறது. வீணே நிலத்தைக் கிளறுவது, நீரைச் சிந்துவது, தீ மூட்டுவது, காற்றைக் கலக்குவது, செடியை வெட்டுவது, காரணமின்றி அலைவது என்று அது அடுக்கும் பட்டியல், காரோட்டும் காலத்துக்கு வியப்பூட்டும் வகையில் பொருந்துகிறது. பட்டியலை அப்படியே ஏற்றால் உலா வருவதே விலக்கப்பட வேண்டும் என்று ஒருவர் சொல்லலாம். நான் அவ்வளவு தூரம் செல்லவில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் தெருவில் தங்கள் கலையோடு ஒன்றுகூடுவதை வீண் அலைச்சல் என்று கருத எனக்கு மனம் இல்லை. அதற்குப் பயன் உண்டு. இந்த விரதத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது அதன் அளவுகோலை. லாரியின் புகை நெல்லை ஊருக்குக் கொண்டுவந்ததன் விலை. அதைக் குறைக்க வேண்டும், ஆனால் அது எதற்காக என்று தெரியும். தாழ்ந்த காரில் குழாய் பக்கவாட்டில் முடிவதற்கும் காரணம் உண்டு, ஆக்ஸில் இடிக்கும் என்பது உண்மையான காரணம். கன்வெர்ட்டரைக் கழற்றுவதற்கும் சைலன்சரைக் கைவிடுவதற்கும் அப்படி ஒரு காரணமும் இல்லை. ஒரே பட்டறையில் ஒரே நாளில் ஒரே குழாயில் நடக்கும் இந்த வேலைகளுக்கு நடுவே தேவையையும் வீணையும் பிரிக்கும் கோடு தெளிவாக ஓடுகிறது.

ஆகவே பக்கவாட்டுக் குழாய் பொருத்த விரும்புபவரிடம் நான் சொல்வது இதுதான். பொருத்துங்கள். கன்வெர்ட்டரை எஞ்சினுக்கு அருகிலேயே விட்டுவையுங்கள். சைலன்சருக்கு இடம் ஒதுக்கிய பிறகு மற்றவற்றுக்கு இடம் தேடுங்கள். குழாயின் வாய் பின்கதவைத் தாண்டி முடியட்டும், நடைபாதைப் பக்கமாக அன்றி எதிர்ப்பக்கமாகத் திறக்கட்டும், சுடும் பகுதிக்குக் கவசம் இருக்கட்டும். வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் அமராமல், குழாய்க்கு எதிரே ஒரு குழந்தையின் முக உயரத்துக்குக் குனிந்து சிறிது நேரம் இருந்து பாருங்கள். அங்கே உங்களால் இருக்க முடியவில்லை என்றால் வேலை முடியவில்லை. சைலன்சர் வைக்க இடமே இல்லாத அளவுக்குக் கார் தாழ்ந்திருந்தால், கைவிட வேண்டியது சைலன்சரை அல்ல. காரை இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும்.